கொட்டிக் கொட்டிக் குளவி ஆவதில்லை

சேலத்துத் தறிக்கூடமோ ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்போ, எங்கே போனாலும் ஜன்னல் சட்டத்தின் மூலையிலோ சுவிட்சு போர்டின் ஓட்டையிலோ ஒரு மண்கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். குளவி கூடு கட்டினால் வீட்டுக்குக் குழந்தை வரப்போகிறது என்று பாட்டிமார் அதை உடைக்க விடமாட்டார்கள். புழுவைப் பிடித்து வந்து அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்றும் சொல்வார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். உள்ளே போனது புழு, சில வாரம் கழித்து வெளியே வந்தது குளவி. மூடிய அறைக்குள் நடந்தது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

உள்ளே போகிற புழு வேறு, வெளியே வருகிற குளவி வேறு. தாய்க்குளவி இரையை ஒரே அடியாகக் கொல்வதில்லை. கொடுக்கின் நஞ்சு நரம்பைச் செயலிழக்க வைக்கிறது. இரை அசையாது, ஆனால் உயிர் இருப்பதால் அழுகவும் செய்யாது. அதோடு ஒரு முட்டையையும் வைத்து அறையை மண்ணால் அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாகி, மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சில இனங்கள் அந்துப்பூச்சிகளின் புழுக்களைப் பிடிக்கும். நூல் போன்ற இடுப்புள்ள இன்னொரு வகை சிலந்திகளை மட்டுமே பிடிக்கும். அந்தச் சிலந்தி வேட்டைக்காரிகளில் ஒன்றுக்கு நம் சென்னையின் பெயரே உண்டு: செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781-லேயே வைத்த பெயர்.

இப்போது இதை யோசித்துப் பாருங்கள். மகள் வெளியே வரும்போது பக்கத்தில் தாய் இல்லை. கூடு கட்டுவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் குழாயடி ஈரமண்ணை உருட்டி எடுத்து, தாடையில் கவ்வி வந்து, ரீங்காரத்தோடு அதிர வைத்து இழைத்து, அவளுடைய இனத்துக்கே உரிய வடிவில் அறையைக் கட்டிவிடுகிறாள். சொல்லித்தர யாருமில்லாத இந்த அறிவைத்தான் இயல்பூக்கம் என்கிறோம்.

அப்படியென்றால் முழுக்கூட்டின் படம் அவள் தலைக்குள் இருக்கிறதா? இதை முதலில் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் பூச்சி ஆய்வாளர் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915). மண்கூட்டுக் குளவி சிலந்தி தேடிப் போயிருக்கும்போது அறைக்குள் இருந்த சிலந்தியையும் முட்டையையும் அவர் எடுத்துவிட்டார். திரும்பி வந்த குளவி அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த சிலந்தியை வைத்தது, அதையும் எடுத்தார், இன்னொன்று கொண்டுவந்தது. கடைசியில் காலி அறையை ஒழுங்காக மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனது. இன்னொரு முறை கூட்டையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். குளவி வெறும் சுவரில், கூடு இருந்த இடத்தில் மண் பூசிக்கொண்டே இருந்தது. அதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

எனக்கு இதைவிடத் தெளிவான சோதனையாகத் தெரிவது ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆய்வாளர் 1978-இல் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் பாராலஸ்டார் குளவி தரையில் குழி தோண்டி, ஒட்டுண்ணிகள் நுழையாதபடி குழிவாயில் ஒரு மண்குழாயை எழுப்பும். குழாய் மேலே போய், வளைந்து, மணிபோலக் கீழ்நோக்கி விரியும். அந்த வளைவின் உச்சியில் ஸ்மித் ஒரு ஓட்டை போட்டார். ஒரு உருண்டை மண் வைத்தால் அடைபட்டுவிடும். குளவி என்ன செய்தது தெரியுமா? அந்த ஓட்டையின்மேல் இரண்டாவது குழாய் ஒன்றை முழுசாகக் கட்டியது!

அது முட்டாள்தனம் இல்லை. வழுவழுப்பான மண்ணில் வட்டமான ஓட்டை தெரிந்தால் குழாயைத் தொடங்கு, இவ்வளவு உயர்ந்தால் வளை, வளைந்தால் விரி. குளவிக்குள் இருப்பது இப்படிப்பட்ட சிறு சிறு விதிகளின் சங்கிலி. நம்மூர்த் தறியில் ஜக்கார்டு பெட்டியின் துளையிட்ட அட்டைகள் வரிசையாக வந்து துணியில் பூவை விழவைக்கிறதே, முழுப்பூ எப்படி இருக்கும் என்று எந்த அட்டைக்கும் தெரியாது. குளவியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பெரிய வித்தியாசம்: தறியில் இழை அறுந்தாலும் நெய்பவர் நிறுத்தும்வரை அடுத்த அட்டை வந்துவிடும். குளவிக்கு அடுத்த வேலையைச் சொல்வது அதன் முன்னால் இருக்கும் வேலையின் நிலை. அதனால்தான் குழாயைச் சுற்றி மண்ணைக் குவித்து அதைக் குட்டையாக்கினால், வேண்டிய உயரம் வரும்வரை அது மேலும் கட்டுகிறது. பரம்பரையாக வரும் வேலையும் இந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும்.

அப்புறம், எல்லாமே பிறவிப் பாடம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஃபாபர் இன்னொரு குளவியிடம், அது வளைக்குள் எட்டிப்பார்க்கப் போகும்போதெல்லாம், இரையாகக் கொண்டுவந்து வாசலில் அது வைத்த பாச்சையை (சுவர்க்கோழி) தள்ளி வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 40 தடவை அது பாச்சையை மறுபடி வாசலுக்கு இழுத்து வந்து, மறுபடி உள்ளே சோதிக்கப் போனது. இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வேறொரு இடத்தில் இருந்த அதே இனக் குளவிகள் இரண்டு மூன்று தடவைக்குள் சோதனையை விட்டுவிட்டு, பாச்சையை நேராக உள்ளே இழுத்துச் சென்றதையும் ஃபாபரே எழுதியிருக்கிறார்.

கூடு இருக்கும் இடத்தையும் ஒவ்வொரு குளவியும் தானே கற்றுத்தான் ஆக வேண்டும். நிக்கோ டின்பெர்கன் நெதர்லாந்தில் தேனீ வேட்டைக் குளவியின் வளையைச் சுற்றி பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். அது பழகியபின் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். குளவி வளையை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் போய்த் தேடியது. விலங்குகளின் நடத்தை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக அவருக்கும் கொன்ராட் லோரன்ஸுக்கும் கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கும் 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் வீட்டில் கூடு இருந்தால் பயந்து தட்டிவிடாதீர்கள். இவை கதண்டைப் போலக் கூட்டமாகப் பாய்ந்து கொட்டுபவை அல்ல, தனியாக வாழ்பவை. கையால் நசுக்காதவரை பெரும்பாலும் நம்மைச் சீண்டாது. கூட்டில் பெரிய வட்டத் துளை தெரிந்தால் அந்த அறைக்காரி வெளியேறிவிட்டாள் என்று அர்த்தம். ஊசிமுனைத் துளை தெரிந்தால், அவளைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குட்டிக்குளவிகள் வெளியே வந்திருக்கும். எல்லா அறையும் திறந்தபிறகு சுரண்டி எடுத்துக்கொள்ளலாம்.