சண்டே மெட்ச்சும் முழங்கால் வலியும்: சேர்ச் பிள்ளைகளுக்கும் பேரன்ட்ஸுக்கும் ஒரு ஃபிசியோ எழுதுறது

கொழும்பில சேர்ச் யூத் ஃபெலோஷிப்புகளில பேசக் கூப்பிட்டா பிள்ளைகள் கட்டாயம் கேக்கிற கேள்வி ஒண்டு இருக்கு, சண்டேல மெட்ச் வந்தா விளையாடலாமா கூடாதா எண்டு. உடன யாராவது ஒரு அங்கிள் எழும்பி எரிக் லிடல்ட கதையச் சொல்லுவார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் ஹீட்ஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தபடியா ஓட மாட்டன் எண்டு நிண்டு, 400 மீட்டர ஓடி 47.6 செக்கன்ல உலக சாதனையோட தங்கம் எடுத்தவர். நல்ல கதைதான். ஆனா அவர் பிறகு சீனாவுக்கு மிஷனரியாப் போய், ரெண்டாம் உலகப் போரில ஜப்பான்காரர்ட வெய்சியன் முகாமில அடைபட்டு 1945ல அங்கேயே இறந்தவர், அந்த முகாமில பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒழுங்குபண்ணிக் குடுத்தவரும் அவர்தான். முதல்ல ஞாயிறில மாட்டன் எண்டிருக்கிறார், பிள்ளைகள் தாங்களே ஹொக்கி ஆடி சண்டை பிடிச்சதுக்குப் பிறகு ஞாயிறிலயும் வந்து நடுவரா நிண்டிருக்கிறார். தன்ட தங்கத்துக்காக ஞாயிற விட்டுக்குடுக்காத ஆள் பிள்ளைகளுக்காக விட்டுக்குடுத்தது. இந்தப் பாதிய அங்கிள்மார் சொல்றதில்ல.

சண்டே விளையாடுறதா இல்லையா எண்டத உங்கட பாஸ்டரோட, ஃபாதரோட கதைச்சு முடிவு பண்ணுங்க. எனக்குப் பிரச்சினை வேற. கிளினிக்குக்கு வாற பிள்ளைகளிட்ட நான் முதல் கேக்கிறது எங்க நோகுது எண்டில்ல, கிழமையில எந்த நாள் ஃப்ரீ எண்டுதான், அதுக்கு பிள்ளை அம்மாவப் பாக்கும், அம்மா ஃபோன்ல டைம்டேபிளப் பாப்பா. திங்கள் தொடக்கம் வெள்ளி ஸ்கூல், முடிய பிராக்டிஸ், அங்க இருந்து வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ கிளாஸ், சனிக்கிழமை மெட்ச், ஞாயிறு காலம மெத்ஸ் கிளாஸ், சேர்ச்சுக்கு வந்தா பாதியில எழும்பிப் போறது, பின்னேரம் சயன்ஸ். தஹம் பாசல் (பௌத்த ஞாயிறு பாடசாலை) நேரத்தில டியூஷன நிப்பாட்டச் சொல்லி பௌத்த ஆக்கள் எத்தனையோ வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கினம், எங்கட சபைகளிலயும் அந்தச் சத்தம் பலமாக் கேக்கோணும்.

பத்து வயசில இருந்து பதினைஞ்சு வரைக்கும் வாற முழங்கால் வலியில கனக்க ஒஸ்குட் ஷ்லாட்டர் எண்ட ஒண்டு. முழங்கால் சில்லுக்குக் கீழ, கெண்டைக்கால் எலும்பு முன்னுக்குப் புடைச்சு நிக்கிற இடத்தில தொட்டா நோகும், துள்ளினா, ஓடினா, முழங்கால் ஊண்டினா நோகும். அந்த வயசில எலும்பு நீளமா வளருது, அந்த இடம் இன்னும் குருத்தெலும்பாத்தான் இருக்கு, தொடைத் தசை ஒவ்வொரு துள்ளலுக்கும் அதப் பிடிச்சு இழுக்குது. தேய்மானம் இல்ல, பயப்பிடத் தேவையில்ல, வளர்ச்சி முடிய அநேகமா தானாவே போயிடும். ஆனா ஓடுறதையும் துள்ளுறதையும் குறைக்கோணும், அதச் சொன்னாத்தான் வீட்டாருக்குக் கோவம் வரும். அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் சொல்றது இதுதான், கிழமைக்கு ஒரு நாளாவது அந்த விளையாட்டில இருந்து முழு லீவு, வருஷத்தில ரெண்டு மூண்டு மாசம் (ஒரே அடியா இல்லாட்டிலும் பரவாயில்ல) அந்த விளையாட்டே இல்லாம இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு எண்டத ஆண்டவர் சீனாய் மலையிலயே சொல்லிப்போட்டார்.

"ஜெபம் பண்ணிட்டம், பெயின் கில்லர் ஒண்டு போட்டு இந்த மெட்ச்ச மட்டும் விளையாடட்டும்" எண்டு கேக்கிற அப்பாமார் இருக்கினம். ஜெபத்த நான் குறை சொல்ல வரேல்ல, நானும் ஜெபிக்கிற ஆள்தான், ஆனா உடம்பு ஆவியானவரின் ஆலயம் எண்டு 1 கொரிந்தியர் 6ல வாசிக்கிற நாங்க வலிய மருந்தால மூடிப்போட்டு அதே முழங்கால ஓட விடுறது என்ன விசுவாசம்? வெண்டு குடுக்கச் சொல்லி ஜெபிக்கிறதும் அப்பிடித்தான். செயின்ட் ஜோசப்ஸும் செயின்ட் பீட்டர்ஸும் மோதுற ஜோ-பீட் மெட்ச்ல ரெண்டு பக்கமும் கத்தோலிக்க ஸ்கூல், ஆண்டவர் எந்த டென்ட்ல இருக்கிறது?

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. ஓ.எல் சோதனை வருஷம் வந்த உடன விளையாட்ட முழுசா வெட்டி விடுற வீடுகள், அதிலயும் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இன்னும் முந்தி, எட்டாம் வகுப்பிலயே வெட்டுறாங்க. "சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது" எண்டு 1 தீமோத்தேயு 4:8ஐ அப்ப காட்டுவாங்க. அற்பமெண்டாலும் பிரயோஜனம் எண்டுதானே எழுதியிருக்கு! 5 வயசில இருந்து 17 வரைக்கும் நாளுக்கு சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்க அசையோணும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது, டீனேஜ் பிள்ளைக்கு 8 - 10 மணித்தியாலம் நித்திரையும் வேணும், ரெண்டையும் குறைச்சுப்போட்டு பாடம் மண்டைக்குள்ள நிக்குதில்ல எண்டா எப்பிடி நிக்கும். லூக்கா 2:52ல இயேசு ஞானத்தில மட்டும் வளந்தார் எண்டு இல்ல, வளர்த்தியும் இருக்கு, மனுஷர் தயவும் இருக்கு.

சும்மா விளையாடுறது எண்டு ஒண்டு இருந்தது, அது கொழும்பில காணாமப் போய்க்கொண்டிருக்கு. மெடல் இல்ல, கோச் இல்ல, ஸ்கூல் கலர்ஸ் இல்ல, சர்டிஃபிகேட்டும் இல்ல, கோல்ஃபேஸ்ல ஒரு டெனிஸ் போலோட பின்னேரம் போறது. எங்கட தேசிய விளையாட்டு வொலிபோல், அது 1895ல அமெரிக்காவில வை.எம்.சி.ஏ எண்ட கிறிஸ்தவ வாலிபர் சங்கத்து ஆள் ஒருத்தர் கண்டுபிடிச்சது, பாஸ்கெட்போல் ஓடக் கஷ்டப்படுற வயசான ஆக்கள் மெதுவா விளையாடட்டும் எண்டு. பாஸ்கெட்போலும் 1891ல வை.எம்.சி.ஏலதான் பிறந்தது. உங்கட சேர்ச் முத்தத்தில ஒரு நெட் கட்ட எவ்வளவு போகும்? கட்டுங்க, டோர்னமென்ட் மட்டும் வைக்காதீங்க.

ஜிம்முக்குப் போற தம்பிமாருக்கு ஒண்டு. யாரோ அண்ணா தந்த பவுடர், லேபிள் விளங்காத டப்பா, எடுக்காதீங்க. ஊக்கமருந்து டெஸ்ட்ல பிடிபட்டா "எனக்குத் தெரியாது" எண்டு சொல்லித் தப்பேலாது, உங்கட உடம்புக்குள்ள என்ன இருக்கோ அதுக்கு நீங்கதான் பொறுப்பு எண்டதுதான் சட்டம். சட்டத்தின்படி போராடாட்டி கிரீடம் இல்ல எண்டு 2 தீமோத்தேயு 2:5ம் இருக்கு.

கடைசியா ரக்பி பிள்ளைகள். தலையில அடிபட்டு ஒரு செக்கன் தடுமாறினாலும், தலையிடி, மங்கல், குழப்பம் வந்தாலும் அண்டைக்கு திரும்பி கிரவுண்டுக்கு இறங்கக் கூடாது, பிள்ளை "ஐ ஆம் ஓகே சேர்" எண்டாலும் கூடாது, ஃபைனல் எண்டாலும் கூடாது. திரும்பத் திரும்ப சத்தி எடுத்தா, வலிப்பு வந்தா, நித்திரை தூங்கிக்கொண்டே போனா நேர நேஷனல் ஹொஸ்பிட்டல் அக்சிடன்ட் சேர்விஸுக்குக் கொண்டு போங்க, வீட்ட வந்து பாப்பம் எண்டு நிக்காதீங்க. முதல் ஒண்டு ரெண்டு நாள் ஃபோனும் புத்தகமும் குறைய, பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஸ்கூல், ஸ்கூல் ஒழுங்காப் போகத் தொடங்கி டொக்டரும் ஓகே சொன்னபிறகுதான் டெக்கிள். கோச் என்ன சொல்லுவாரோ எண்டு பயமெண்டா வாங்க, அவருக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன், டியூஷன் சேருக்கும் வேணுமெண்டா அதையும் தாறன்.