ஸ்பீக்கர் ஒயருக்குப் பல ஆயிரம் கொடுக்கும் முன்

வீடுகளில் ஸ்டீரியோ அமைத்துக் கொடுப்பது என் தொழில். விலை உயர்ந்த கேபிள் போட்டால் ஒலி மேம்படுமா என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நல்ல செம்பு ஒயர் ஏற்கெனவே இருந்தால், மாற்றினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. பதிலை மழுப்பாமல் சொல்லிவிடுவேன்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர், மொத்தம் 0.12 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இதனால் ஏற்படும் ஒலி இழப்பு, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் ஏழில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. வெள்ளி ஒயர் போட்டாலும் செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம்தான் நன்றாகக் கடத்தும்.

பிறகு ஏன் பலருக்கு மாற்றம் கேட்கிறது? பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டும்போது முனையில் படிந்த அழுக்கு நீங்கும். சத்தம் சற்றே கூடினாலும் தெளிவு கூடியதாகத் தோன்றும். கொடுத்த விலையும் மனத்தில் நிற்கும். எந்தக் கேபிள் என்று தெரியாமல், ஒரே சத்த அளவில் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட சோதனையில் உயர்ரகக் கேபிளை அடையாளம் காட்டுபவருக்கு, அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

ஒருவர் வீட்டில் பாஸ் (தாழ்ந்த ஒலி) எடுபடவில்லை என்று புதுக் கேபிளுக்கு முன்பணமே கொடுத்திருந்தார். இடது ஸ்பீக்கரின் பின்னால் பார்த்தேன்; சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போனால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சரியாக மாட்டியதும் மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பி நன்றாகக் கேட்டது. முன்பணத்தைத் திரும்பக் கேட்கச் சொன்னேன்.

ஒயரே கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. 4 ஓம் ஸ்பீக்கர், 15 மீட்டர் தூரம் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் தேவை. இசைத்தட்டுக் கருவியில் காந்த வகை ஊசிக்குக் கேபிளின் மின்தேக்கு அளவு (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) பொருந்தாவிட்டால் உச்ச ஒலிகள் மாறும். இதற்கும் விலைக்கும் தொடர்பில்லை.

மலிவு ஒயரில் எனக்குக் கோபம் வருவது செம்பு பூசிய அலுமினியத்தைப் பார்க்கும்போதுதான். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். வாங்கும்போதே ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.