பிரமிடுக் கல்லை நகர்த்திய தண்ணீர்

கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். காய்ந்த மணலில் கால் புதையும். அலை நனைத்த ஓரத்துக்கு வந்தால் நடை லேசாகிவிடும். கல் இழுத்த எகிப்தியர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

கீஸாவில் கூஃபு மன்னனின் பிரமிடு எழுந்து ஏறக்குறைய 4,600 ஆண்டுகள் ஆகின்றன. சுமார் 23 லட்சம் கற்கள்; ஒரு கல் சராசரியாக இரண்டரை டன். பெரும்பாலானவை பக்கத்துக் குவாரியிலேயே வெட்டிய சுண்ணாம்புக்கற்கள். மேலே போர்த்திய வெள்ளைக்கல் நைலுக்கு அக்கரையிலுள்ள தூராவிலிருந்து வந்தது. மன்னன் அறைக்கு மேலுள்ள கிரானைட் உத்திரங்களோ அஸ்வானிலிருந்து, ஆற்று வழியில் 800 கிலோமீட்டருக்கும் மேல்.

தூராக் கல் படகில் வந்த கதைக்கு எழுத்துச் சாட்சியே இருக்கிறது. 2013இல் செங்கடலோரம் வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருந்தது. சுமார் 40 ஆட்களோடு பத்து நாளில் இரண்டு மூன்று நடை போய்வந்திருக்கிறார். மன்னனைப் பற்றிப் பெருமை பேசாமல், இன்று எங்கே போனோம், எங்கே தங்கினோம் என்று எழுதிவைத்த மனிதர். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

சரி, கரையில் இறக்கிய பிறகு? மரச் சறுக்குவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிரமிடுக்கு 600 ஆண்டுகளுக்கு மேல் பிந்தைய ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில் 172 பேர் ஒரு மாபெரும் சிலையை இழுக்கிறார்கள். வண்டியின் முன்பகுதியில் நின்று ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். அது ஏதோ சடங்கு என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சின்ன வண்டி ஒன்றை மணலில் இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த மணல் வண்டிக்கு முன்னால் மேடாகக் குவிந்து வழிமறித்தது. அளவாக நனைத்ததும் இழுவிசை பாதியாகக் குறைந்தது. மணல்துகள்களுக்கு இடையில் நிற்கும் நீர்த்துளிகள் அவற்றை ஒட்டிப்பிடித்து, தரையை இறுக்கிவிடுகின்றன. தண்ணீர் மிஞ்சினால் பிடிப்பு தளர்ந்து, பட்ட பாடு வீண்.

மேலே ஏற்றுவது வேறு கதை. 2018இல் ஹத்னுப் குவாரியில், கூஃபு காலத்துச் சரிவுப்பாதை ஒன்று வெளிப்பட்டது. இருபுறமும் படிக்கட்டு, ஓரத்தில் கம்பம் நட்ட குழிகள். அந்தக் கம்பங்களில் கயிற்றைச் சுற்றி, மேலே சிலரும் கீழ்நோக்கிச் சிலருமாக இழுத்திருக்கலாம் என்கிறார்கள் அகழாய்வாளர்கள். செங்குத்தான அந்தப் பாறைச் சரிவில் நனைப்பதற்கு மணல் ஏது?