மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டு மதில்

சுவரில் வெடிப்பு என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் ஏறிப் பார்ப்பது வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டைத்தான். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை. "சேர், வெடிப்பு உள்ளேங்க" என்பார்கள். வெடிப்பு உள்ளேதான். காரணம் பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

ஹட்டன், பண்டாரவளை, கண்டி என்று எந்த நகரத்தின் ஓரத்தை எடுத்தாலும் கதை ஒன்றுதான். தேயிலை மலையாக இருந்த காணியைப் பத்து, பதினைந்து பேர்ச் துண்டுகளாக விற்கிறார்கள். தோட்டமாக இருந்தபோது சரிவின் குறுக்கே கான் வெட்டி வைத்திருந்தார்கள். மழைத்தண்ணீர் நேரே கீழே பாயாமல் குறுக்குக் கானில் மெதுவாக ஓடி, பெரிய கானில் விழுந்து ஓடைக்குப் போய்விடும். துண்டு வாங்கியவர் முதல் வேலையாக அந்தக் கானை மூடுகிறார். பிறகு பெக்கோவை இறக்கி, பின்மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவுகிறார். வீட்டின் பின்பாதி கெட்டி நிலத்தில் நிற்கும், முன்பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண் அமர அமர, இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு வீட்டில் பின்மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. கட்டி அதிக காலமாகவில்லை. தண்ணீர் வெளியேற வைத்த குழாய்கள் எங்கே என்று கேட்டேன். "பூசும்போது அசிங்கமா இருக்குன்னு மேசன் பாஸ் அடைச்சிட்டாருங்க" என்றார் அந்த வீட்டு அக்கா. மதிலுக்குப் பின்னால் கருங்கல் சல்லி கிடையாது. வெட்டிய களிமண்ணையே திணித்திருந்தார்கள். பூச்சைக் கொத்தி ஒரு குழாயைத் திறந்ததும் கலங்கல் தண்ணீர் பீய்ச்சியடித்தது. அதுவோ வெயில் காலம்! மேல் வீட்டுக் குசினித் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் மேட்டு விளிம்பில் தோண்டிய ஒரு குழிக்குள் போய்க்கொண்டிருந்தன. எல்லைத் தகராறில் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. கடைசியில் செலவைப் பாதிப்பாதியாகப் போட்டு, ஒரே குழாயில் தண்ணீரைக் கீழே ஓடைவரை இறக்கினார்கள். பேசத் தொடங்கினார்களா என்று நான் கேட்கவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலையகமெங்கும் மண் சரிந்த பிறகு எல்லோரும் மதிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கானைப் பற்றிக் கேட்பவர் குறைவு. மதிலுக்குச் செலவழிக்கும் முன், கூரைப் பீலி எங்கே கொட்டுகிறது, மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது, பழைய கான் யாருடைய காணியில் மூடப்பட்டது என்று பாருங்கள். அதற்குப் பக்கத்து வீடுகளையும் கூட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பகுதியில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அதை வாங்கிப் பிரதேச சபையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். உள்ளே வடிகால் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு பாஸிடமும் காட்டுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு சின்ன வேலை. நேரான பக்கங்களுள்ள காலி பால்மா டின் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். உள்ளே சேரும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் கிளம்பத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பதே அந்த நிறுவனத்தின் கணக்கு. ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான்.

ஆனால் மேட்டில் புது வெடிப்பு விழுந்தாலோ, மரமும் கம்பமும் சாய்ந்தாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ நின்றுபோனாலோ, டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இருட்டுவதற்கு முன் கிளம்புங்கள். கிராம சேவகருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் போகிற வழியில் சொல்லலாம். கீழ் வீட்டுக்காரர்களையும் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். உங்கள் மேடு சரிந்தால் அது அவர்கள் கூரையில்தான் விழும்.