பைபர் நெட்டோடு வரும் வீட்டுப் போன் எப்படி இலவசமாகிறது?

"பைபர் நெட் போட்டால் வீட்டுப் போனில் எவ்வளவு பேசினாலும் தனியாகக் காசு இல்லை என்கிறார்களே, எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாராளமாகக் கட்டுப்படியாகும், ஏனென்றால் பேச்சுக்குத் தேவைப்படும் இடம் அவ்வளவு குறைவு.

பழைய போனுக்கு வீட்டுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி எக்ஸ்சேஞ்ச் வரை போக வேண்டும், அதைப் பராமரிக்கிற செலவே பெரிது. பைபரில் அது கிடையாது. சுவரில் மாட்டுகிற பெட்டியே உங்கள் குரலை எண்களாக்கி நெட்டோடு சேர்த்து அனுப்பிவிடும்.

அந்த எண்ணாக்கும் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பேச்சு புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) வரை இருந்தால் போதும். அதிகபட்ச அதிர்வைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அலை சரியாகப் பிடிபடும் என்பதால், ஒலி அலையின் உயரத்தை வினாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட் (பிட் என்பது 0 அல்லது 1), அதாவது 256 படிகளில் ஏதோ ஒன்று. படிகளைச் சமமாக வைத்தால் மெதுவாகப் பேசுகிறவர்களின் குரல் அடியில் நாலைந்து படிக்குள்ளேயே அடங்கி, கரகரவென்று கேட்கும். அதனால் மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், சத்தமான ஒலிக்கு அகலமான படிகள். நம் காதும் அப்படித்தானே, ராத்திரியில் ஒற்றைக் கொசு தூக்கத்தைக் கெடுக்கும், மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஹாரனோடு இன்னொரு ஹாரன் சேர்ந்தால் தெரியவே தெரியாது! ஏ-லா என்கிற இந்த முறையால் 13 பிட் செய்கிற வேலையை 8 பிட் செய்துவிடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 8,000 தடவை 8 பிட் என்றால் வினாடிக்கு 64,000 பிட். முகவரி விவரங்களைச் சேர்த்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்டாது. 30 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு மூன்று கோடி பிட் போகிற இணைப்பில் அது முந்நூறில் ஒரு பங்கு கூட இல்லை.

ஒரே இணைப்பில் போனும் நெட்டும் மேலூருக்குப் புதிதல்ல. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் 2001 வாக்கிலேயே அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதைச் செய்தது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

இலவசம் என்பது நாட்டுக்குள் பேசும் அழைப்புக்குத்தான், நெட்டுக்கான மாத வாடகை உண்டு, ஐஎஸ்டிக்குத் தனிக் கட்டணம். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்ததால் கரண்ட் போனாலும் பேச முடிந்தது. பைபரில் வருவது வெறும் ஒளி, கரண்ட் போனால் போனும் போய்விடும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால், அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் சின்ன யுபிஎஸ் ஒன்றை இணைப்பு வாங்கும்போதே வாங்கி மாட்டிவிடுங்கள்.