எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் போனை எடுத்து வாருங்கள்

போன மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனிலிருந்து ஒரு தம்பி, சிபியூவைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் என் கடைக்கு வந்தான். விசைப்படகில் போகிறவன். கடலில் எடுக்கும் வீடியோக்களை வீட்டிலேயே எடிட் செய்து யூடியூபில் போடுகிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கட்டிக் கிடக்கும் 61 நாளில்தான் அவனுக்கு உட்கார நேரம் கிடைக்கும்.

“அண்ணே, வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது. புதுசா கார்டு போட்டும் அப்படியேதான் இருக்கு” என்றான்.

கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கிப் போட்டிருக்கிறான். கார்டில் ஒரு குறையும் இல்லை. போன் கேமரா எப்போதும் ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லை என்பதுதான் விஷயம். வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ, நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம், என்பது 27, 24 என்று இறங்கும், பிறகு ஏறும். போனில் பார்க்கும்போது தெரியாது. பல எடிட்டிங் சாப்ட்வேர்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாக எண்ணிக்கொண்டு போவதால், வீடியோ நீள நீள வாயும் சத்தமும் விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் அவன் வீடியோவைப் போட்டு, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்று தேர்ந்தெடுத்து மாற்றினேன். ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்தது. வின்ச் சத்தமும் கயிறு சுற்றுவதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வருத்தம்தான் மிஞ்சியது. அவன் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி தேவையே இல்லாத வட்டி.

அதனால்தான் யார் வந்து “எடிட்டிங்குக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?” என்று கேட்டாலும், எதில் எடுக்கிறீர்கள், அந்த வீடியோ என்ன வகை என்று முதலில் கேட்கிறேன். பட்ஜெட் பேச்சு அதற்குப் பிறகுதான்.

இப்போதைய போன்களில் பல, ஹெச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிகின்றன. 2003இல் வந்த ஹெச்.264 முறையோடு ஒப்பிட்டால், 2013இல் வந்த இந்த முறைக்கு ஏறக்குறையப் பாதி இடம் போதும். இரண்டுமே ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்து வரும் படங்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைக்கும் முறைகள்தான். ஹெச்.265 அதை இன்னும் நுணுக்கமாகச் செய்வதால் அந்த மிச்சம். நம்மூர்க் கருவாடு மாதிரி என்று சொல்வேன். எடுத்து வைக்க இடம் குறைவு, ஆனால் குழம்பில் போடுமுன் ஊறவைத்தாக வேண்டும். எடிட்டிங் திரையில் வீடியோ வரிசையாக நீளும் டைம்லைனில், இடத்தைக் காட்டும் கோட்டை நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அந்தச் சுருக்கத்தை விரிக்கும் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அதற்கென்று தனிப் பகுதி பிராசசரிலோ கார்டிலோ இருந்தால் சிரமமில்லை. இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திக்கும்.

இன்டெல் பிராசசர்களில் 6ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண ஹெச்.265 வீடியோவுக்கும், 7ஆம் தலைமுறையிலிருந்து, நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோவுக்கும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கும் கேமராக்கள் சில தரும், நிற விவரம் இன்னும் அதிகமுள்ள 4:2:2 10 பிட் வகைக்கு, டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று முடியும் பிராசசரில் இந்தப் பகுதி அடங்கிய உள் கிராபிக்ஸே கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள். தனி கார்டு போடாத ஆளுக்கு அதில் திரையே வராது.

குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெலில் விண்டோஸ் 11க்கு முறைப்படி 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ‘ஐ7’ என்ற ஸ்டிக்கரை மட்டும் காட்டி 4ஆம் தலைமுறையை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ராம் 16 ஜிபி, 4கே எடிட் செய்தால் 32. சாப்ட்வேரும் நடக்கிற வேலையும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருக்கட்டும். பென்டிரைவிலிருந்தும் மெமரி கார்டிலிருந்தும் நேராக எடிட் செய்யாதீர்கள், காப்பி செய்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. சாப்ட்வேரில் ‘பிராக்சி’ போட்டால், சின்ன நகலை வைத்து எடிட் செய்யலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் ஆகும்போது, அதாவது முடித்த வீடியோவாக எழுதப்படும்போது, அசல் வீடியோவே வரும். புதுசு வாங்க வந்த எத்தனையோ பேரை இதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தத் தம்பியின் சிபியூவைத் திறந்தபோது பார்த்ததையும் சொல்ல வேண்டும். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத் தகட்டின் ஸ்குரூக்கள் துருவேறி ஸ்குரூடிரைவருக்குப் பிடி கொடுக்கவில்லை. பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் செம்புக் குழாயில் கோயில் விளக்கில் படிவது போல பச்சைக் களிம்பு. ஃபேன் இறக்கைகளில் தூசி தூசியாக இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து பிசினாகப் பிடித்திருந்தது. வீடு தெற்குக் கடலைப் பார்த்தது, கம்ப்யூட்டர் ஜன்னலோரம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் போட வேண்டியிருந்தது என்றால், அதே காற்றில் ஒரு மெல்லிய சர்க்யூட் போர்டு என்ன பாடுபடும்?

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி உள்ளறையில் வையுங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் காயும். வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதுதான் கேடு. அணைத்து ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது மூடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். ராமின் முனையை ரப்பரால் தேய்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அடிக்கடி தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். கேமராவும் ஹார்டு டிஸ்க்கும் இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும்.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? கம்ப்யூட்டரைக் குறை சொல்லுமுன் எர்த்தைப் பாருங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். எர்த் இல்லாதபோது, பவர் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தகட்டில் கசியும். அதுதான் அந்த ஜிவ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதுக் கம்பி இறக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் இது. தனி கார்டு இருந்தால் சாதாரண 600 விஏ யுபிஎஸ் எக்ஸ்போர்ட் நேரத்தில் தாங்காமல் போகலாம். 1000 விஏ போடுங்கள்.

சாப்ட்வேருக்குப் பணம் இல்லை என்று கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு, தேடாதீர்கள். கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா), மகள் நிக்காஹ் வீடியோவை துபாயில் இருக்கும் மருமகனுக்கு அனுப்ப வேண்டும் என்று யாரோ கொடுத்த கிராக்கைப் போட்டார். மறுநாள் கம்ப்யூட்டரில் இருந்த எல்லா ஃபைலும் பூட்டப்பட்டு, திறக்க டாலரில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. நானும் மூன்று நாள் முயன்றேன், திறக்க முடியவில்லை. வேறு நகல் எங்கும் இல்லை. கேடென்லைவும் ஷாட்கட்டும் முழுக்க இலவசம், சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே வரை எக்ஸ்போர்ட் தரும், கலர் வேலைக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு 16 ஜிபி ராமும் நல்ல தனி கார்டும் வேண்டும். லினக்ஸில் அந்த இலவசப் பதிப்பு ஹெச்.264 வீடியோவைத் திறக்காது.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதை நீங்களே கணக்குப் போடலாம். கேமராவில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று வைத்து எடுத்தால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவில் ஆறு மணி நேரக் கல்யாணம் என்றால் 540 ஜிபி. அதற்கு இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பீரோவில். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று விற்கும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் போலி. முழுதாக நிரப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

வாங்கப் போகும் அன்று, உங்கள் போனிலோ கேமராவிலோ எடுத்த ஐந்து நிமிட வீடியோவை எடுத்துப் போங்கள். வீட்டில் எந்த சாப்ட்வேரில் எடிட் செய்வீர்களோ, அதிலேயே கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோட்டை முன்னும் பின்னும் இழுங்கள், நாலு இடத்தில் வெட்டுங்கள், ஒரு நிமிடத்தை எக்ஸ்போர்ட் செய்து எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.