வினைல்: சொல்லும் தட்டும்

மும்பை சோர் பஜாரில், மட்டன் தெருப் பக்கம், பழைய இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் பெட்டியைக் காட்டி 'எல்லாம் வினைல்' என்று சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரே பெட்டியில் வினைல் தட்டும் இருக்கும், அரக்குத் தட்டும் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாதவர், வாங்கிய தட்டை முதல் நாளே பாழாக்கிவிட வாய்ப்புண்டு.

வினைல் என்பது பொருளின் பெயர், ஒரு வகைப் பிளாஸ்டிக். லத்தீனில் 'வீனும்' என்றால் திராட்சை மது. அதோடு, மூலப்பொருள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'இல்' என்ற விகுதி சேர்ந்தது. எத்தில் ஆல்கஹாலோடு உறவுள்ள ஒரு வேதிக்கூறுக்கு ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே 1851-இல் இட்ட பெயர் இது. இசைக்கும் இந்தச் சொல்லுக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பி தட்டை (லாங் பிளே, நீண்ட நேரம் ஓடுவது) வினைலில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. இன்றும் பெயர்ப்பலகைக் கடையில் வினைல் என்று கேட்டால் ஸ்டிக்கர் சுருளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கேட்டவர் மேல் தவறில்லை, கடைக்காரர் மேலும் தவறில்லை.

அதற்கு முந்திய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. முத்திரை வைக்கும் அதே அரக்குதான். பாண்டவர்களைக் கொல்லக் கட்டிய அரக்கு மாளிகையின் அரக்கும் இதுதான். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. தட்டில் அரக்கு ஒரு பங்குதான், பெரும்பகுதி கல்தூள். மேற்கு நாடுகள் 1950-களின் இறுதியில் 78-ஐ ஏறக்குறையக் கைவிட்ட பிறகும், இந்தியாவில் 1960-களில் அவை வந்துகொண்டிருந்தன. அதனால் இங்கே ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு பெரும்பாலும் 10 அங்குலம், கனமாக இருக்கும், கொஞ்சமும் வளையாது. விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினால் பீங்கான் போல 'டிங்' என்று ஒலிக்கும். வினைல் மந்தமாக ஒலிக்கும். எல்பி 12 அங்குலம், சில பாடல்கள் மட்டும் கொண்ட திரைப்பாடல் இபி 7 அங்குலம். இரண்டும் லேசாக வளையும். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் துண்டுதான்.

சுத்தம் செய்யும்போது இந்தச் சொல்லறிவு கைகொடுக்கும். மழைக்கால மும்பையின் ஈரத்தில் தட்டின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்வது சாதாரணம். வினைலுக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். நடுவிலுள்ள தாள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரால் ஒருமுறை அலச வேண்டும். மதுவின் பெயரைச் சுமக்கும் வினைல் இந்தக் கலவையைத் தாங்கும். அரக்கோ ஆல்கஹாலில் கரைந்துவிடும். மரச்சாமான்களுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்பதே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். எனவே 78-க்கு நீரும் ஒரு சொட்டுத் திரவமும் மட்டும், துடைத்த கையோடு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

ஊசியும் வேறு. ஆங்கிலத்தில் ஸ்டைலஸ் என்கிறார்கள். லத்தீனில் அது மெழுகுப் பலகையில் எழுதும் கோல், நம்முடைய எழுத்தாணி. ஆனால் இந்த முனை எழுதுவதில்லை, எழுதியதைப் படிக்கிறது. தமிழில் வழங்கும் 'ஊசி', 'முள்' என்பவையே பொருத்தம். எல்பி பள்ளத்துக்கு ஏறத்தாழ 0.7 மில் முனை, 78-க்கு 3 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்பி ஊசி 78 பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எழுப்பும். 78 ஊசி எல்பியைக் கீறிவிடும். ஆடியோ டெக்னிக்கா விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசியைத் தாங்கும் சிறு கூட்டில், ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். எல்பிக்கான 'ஈ' ஊசிக்கு 2 கிராம் அழுத்தம், 78-க்கான 'எஸ்பி' ஊசிக்கு 5 கிராம். ஊசியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த அழுத்தத்தை மறுபடி அளந்து வைக்க வேண்டும். பழைய கிராமபோனின் எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் தேய்ந்துவிடும். தட்டிலுள்ள கல்தூள் அதைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவரும்படிதான் அமைத்திருந்தார்கள். அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

அப்படியானால் தமிழில் எதைச் சொல்வது? பாட்டுத் தட்டு எதற்கும் 'இசைத்தட்டு' என்பதே போதும். பொருளைப் பிரிக்க வேண்டிய இடத்தில் வினைல் தட்டு, அரக்குத் தட்டு. மராத்தியிலும் 'தபக்டி' என்றுதான் சொல்வார்கள், அதுவும் தட்டு. பேச்சில் 'பிளேட்டு' என்றோம். சொன்னதை மாற்றுகிறவரை 'பிளேட்டை மாத்துறார்' என்கிறோம்.

டர்ன்டேபிளுக்கு 'சுழல்மேடை' நல்ல சொல். தட்டு சுழலும் மேடைக்கு இட்ட பெயர் முழுக் கருவிக்கும் ஆகிவிட்டது. இதில் ஒலிபெருக்கி இருக்காது. ஊசி தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கிச் சீராக்கும் போனோ பிரீஆம்ப் இல்லாமல் ஆம்பிளிஃபயரில் செருகினால் ஒலி சன்னமாக, கீழ்ச்சுருதி ஒலிகள் இல்லாமல் வரும். எல்லாம் ஒன்றாக அடங்கியதை 'பாட்டுப்பெட்டி' எனலாம். 78-உம் கேட்க வேண்டுமென்றால் மூன்று வேகமும் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்: ஆடியோ டெக்னிக்கா எல்பி120எக்ஸில் அது உண்டு, ரேகா பிளானர் 1-இல் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய சுழல்மேடை மலிவாகக் கிடைத்தால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்றிருந்து, உள்ளே ஏசி மோட்டார் என்றால், மும்பை லாமிங்டன் சாலையின் மின்பொருள் கடையில் வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே குறைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். 33⅓ சுற்று சுமார் 28 ஆகிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும். அந்த மாதிரிக்கு, மோட்டார் முனையில் மாட்டி வேகத்தைச் சரிசெய்யும் 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்டு பிறகு பணத்தை எடுங்கள்.